வீடு பார்க்க வந்தவன்

பழைய வீடுகளை உடைத்து, கதவு, தூண், உத்திரம் என்று பிரித்து விற்பது என் தொழில். நாகூரில் எனக்கு ஒரு கிடங்கு இருக்கிறது. கொழும்பில் மரக்கடை வைத்திருக்கும் நண்பர் ரவூப் ஒருநாள் போன் செய்தார். கல்முனைக்குடியில் கடலை ஒட்டி ஒரு மாடி வீடு, நூறு வயது தாண்டியது, சுனாமிக்குப் பிறகு விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள், வீடாக வாங்க ஆளில்லை, மரமாகத்தான் போகும் என்றார். வீட்டுக்காரர் மீராலெப்பையிடம் பேசியாகிவிட்டது, நீங்கள் வந்து மரத்தைப் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்.

இலங்கையில் சண்டை ஓய்ந்த மறுவருடம் அது. "அலை அடித்த ஊரிலிருந்து அலை அடித்த ஊருக்கு மரம் பொறுக்கப் போகிறீர்களாக்கும்" என்றாள் என் மனைவி. அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைக் கட்டினேன்.

கொழும்பில் காலையில் ஏறிய பஸ், மலையெல்லாம் இறங்கி, பதியத்தலாவை தாண்டியதும் டயர் வெடித்து நின்றுவிட்டது. மாற்று டயர் இருந்தது, ஜாக்கிதான் இல்லை. கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். "அவசரமானவங்க நடந்து போகலாமாம்" என்று பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார். அவர் சம்மாந்துறைக்காரர், நெல் வியாபாரி. ரோட்டோரம் பெரிய அண்டாவில் சோளக்கதிர் அவித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அன்று நல்ல வியாபாரம். பஸ்ஸே இறங்கிப் போய்ச் சோளம் தின்றது.

நெல் வியாபாரி என்னையும் விசாரித்தார். எங்கே போகிறீர்கள் என்றார். கல்முனைக்குடிக்கு, வீடு பார்க்க என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். ஆருக்கு, மகனுக்கா?"

"இல்லை, எனக்குத்தான்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. என் நரைத்த தாடியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சோளக்கதிரைத் திருப்பித் திருப்பிக் கடித்தார். சம்மாந்துறையில் இறங்கும்வரை என்னிடம் வேறு பேச்சே இல்லை. வீடு விற்பனையில் இவருக்கென்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்பாறை தாண்டினால் வயல். இரண்டு பக்கமும் கண் போகிற மட்டும் விளைந்து கிடந்தது. காவலரண்களில் மணல் மூட்டைகள் இன்னும் இருந்தன. ஆனால் நிறுத்துவாரில்லை. ஓரிடத்தில் சிப்பாய்களே தேநீர்க் கடை போட்டிருந்தார்கள். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒருவன் எனக்குப் பிளேன்டீ ஆற்றிக் கொடுத்தான். சீனி கூடுதல். ஆனாலும் அதைக் குடித்தபோது மனசு லேசானது. எங்கள் ஊர் மீனவர்கள் இந்தக் கடலில் கடற்படையிடம் அடிபட்ட கதைகளைக் கேட்டே பழகியவனுக்கு, தேநீர் ஆற்றும் சிப்பாய் நல்ல சகுனமாகப் பட்டான்.

அன்று பொழுது போய்விட்டதால் பிரதான வீதியில் ஒரு விடுதியில் தங்கினேன். காலையில் பக்கத்துக் கடையில் இடியாப்பமும் சொதியும். எங்கள் ஊரில் இடியாப்பத்தை அளந்து வைப்பார்கள். இங்கே ஒரு தட்டு நிறைய அடுக்கி நடுவில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எத்தனை தின்றோம் என்று நாமே சொல்ல வேண்டும். நான் உண்மையைச் சொன்னேன். கடைக்காரர் நம்பாமல் இன்னொரு தரம் கேட்டார்.

ஆட்டோக்காரரிடம் மீராலெப்பை வீடு என்றேன்.

"எந்த ஊட்டு மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை இல்லை, அறுபது வயதுப் பெரியவர் என்றேன். அறுபதென்றாலும் எந்த வீட்டில் கலியாணம் முடித்தவர் என்று தெரிந்தால்தானே கொண்டுபோய் விடலாம் என்றார் அவர். இந்தப் பக்கத்தில் கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறார். ஆணுக்கு விலாசமே பெண்சாதி வீடுதான். எங்கள் கடற்கரையிலும் அப்படி ஊர்கள் உண்டு. ஆனால் விலாசம் சொல்வதற்குக்கூட அது வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. பழைய மாடி வீடு, கடலோரம் என்றேன். "அட, ஹாஜரா உம்மாட ஊடு" என்று வண்டியைத் திருப்பினார். வீடு பார்க்க வந்ததாகச் சொன்னதும் கூலி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். நல்ல காரியத்துக்கு வந்தவரிடம் வாங்கக்கூடாதாம். என் தொழிலை நல்ல காரியம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

கடலோரத்தில் பாதி வீட்டு வளவுகள் வெறுமையாகக் கிடந்தன. அத்திவாரம் மட்டும் தெரிகிற வளவுகள், கிணறு மட்டும் மிஞ்சிய வளவுகள். நாகப்பட்டினத்தில் நான் பார்த்ததுதான். அங்கே பார்க்காதவன்போல நடந்துவிட்டேன், இங்கே அப்படி நடக்க முடியவில்லை. அந்த வெறுமைக்கு நடுவில் அந்த வீடு தனியாக நின்றது. கீழே பெரிய கூடம், மேலே மரக் கைப்பிடி போட்ட மாடி, ஓட்டுக் கூரை. சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, மற்றபடி நிமிர்ந்துதான் நின்றது. வாசலில் இரட்டைக் கதவுக்கு ஒரு கதவுதான் இருந்தது. மற்றப் பாதியை ஒரு தகரம் மறைத்திருந்தது. தகரத்தில் சிவப்புச் சாயத்தில் 'இந்த வீடு விற்பனைக்கு' என்று எழுதி, அதுவும் வெளிறிப் போயிருந்தது.

ஸலாம் சொல்லி, வீடு பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். உள்ளே பாத்திரம் ஏதோ விழுந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பதில் ஸலாம் சொல்லி, அவர் வயலில் வெள்ளாமை வெட்டுக்குப் போய்விட்டார், இருங்கள், இருங்கள் என்றது. பேசியவர்தான் மீராலெப்பையின் மனைவி ஹாஜரா உம்மா. எந்த ஊர் என்று கேட்டார். நாகூர் என்றதும் திரை விலகிவிட்டது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் எங்கள் ஊர் தர்கா அவுலியாவின் பெயரில்தான் வருடாவருடம் கொடி ஏறுகிறது. அந்த ஊர் மண்ணை மிதித்துவிட்டு வந்தவனை வாசலில் நிறுத்தி வைப்பார்களா?

ஹாஜரா உம்மா வீட்டைச் சுற்றிக் காட்டினார். நான் எத்தனையோ வீடு பார்த்தவன். விற்கிறவர்கள் குறையை மறைப்பார்கள், அவசரப்படுவார்கள், அல்லது அழுவார்கள். இந்த அம்மா கிணற்றில் ஒரு வாளி இறைத்து, உப்பில்லாத தண்ணீர், குடித்துப் பாருங்கள் என்றார். குசினி அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகும் என்று காட்டினார். மாடியறை ஒன்றைத் திறந்து, காலையில் கடல்காற்று வரும், அவர்களுக்கு இதைத்தான் நினைத்திருக்கிறோம் என்று சொல்லி வெட்கப்பட்டார். எவர்களுக்கு என்று நான் கேட்கவில்லை. வாங்கப்போகிறவர்களுக்காக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் கண் மரத்தில் இருந்தது. தூண்கள் கனத்த முதிரை மரம். கையால் தட்டினால் மணி மாதிரிப் பேசியது. கதவு மட்டும் பர்மாத் தேக்கு. மேலே தாமரையும் ஓரத்தில் கொடியும் செதுக்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆசாரி வேலை. தோணியில் வந்த கதவு என்றார் ஹாஜரா உம்மா. அவர் உம்மாவின் வாப்பா இங்கிருந்து எங்கள் பக்கத்துக்கு நெல்லும் கொப்பறாவும் ஏற்றி வியாபாரம் செய்தவர். நான் தூணைத் தட்டும்போதெல்லாம் அந்த அம்மா பக்கத்திலேயே நின்றார்.

"நல்லாத் தட்டிப் பாருங்க தம்பி. கடலடிச்ச நேரமும் ஆடாத தூண்."

பகல் சாப்பாட்டை நான் மறக்க மாட்டேன். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, சுங்கான் மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, எருமைத் தயிர், கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். மரம் வாங்க வந்தவனுக்கு எங்கள் ஊரில் ஒரு சர்பத் கிடைத்தால் அதிகம். இந்த ஊர்க்காரர்களின் மனசே மனசு என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டேன்.

வட்டிலப்பத்தில் இருந்தபோது மகள் வந்தாள். நிஹாரா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கையில் சோக்கட்டித் தூள்கூடப் போகவில்லை. தாய் உள்ளே போ என்று கண்ணைக் காட்டினார். அவள் போகவில்லை. கதவோரம் நின்று நேராக என்னைப் பார்த்தாள்.

"மாமா, நான் ஒண்டு செல்லுறன், கோவிக்காதீங்க. உங்கட மாப்பிள்ளைக்கு நான் வேணுமெண்டா இந்த ஊட்டுக்குத்தான் வரணும். இத உடைச்சுப்போட்டு ஊருக்குள்ள வேற ஊடு கட்டித் தந்தா, நான் அதுல இரிக்க மாட்டன்."

வட்டிலப்பக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எந்த மாப்பிள்ளை என்று கேட்டேன்.

அதன் பிறகுதான் எல்லாம் வெளிச்சமானது. இந்த ஊரில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் வீடு பார்க்க வருகிறார்கள். மகன் போய் வாழப்போகிற வீடல்லவா? மாப்பிள்ளை வீட்டார் சார்பில் ஒரு பெரிய மனிதர் இந்த வாரம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்களாம். நான் வந்து நின்று அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் அந்த நெல் வியாபாரி என் தாடியை ஏன் அப்படிப் பார்த்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. யா அல்லாஹ், எனக்குத்தான் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

நான் மரம் பார்க்க வந்தவன் என்று சொன்னேன். ஹாஜரா உம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மீராலெப்பை, மரத்துக்கு ஆள் வருகிற விஷயத்தை மனைவியிடம் சொல்லவே இல்லை. நெய்ச்சோற்று ஏப்பத்தோடு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நிஹாரா மட்டும் சிரித்தாள். "அப்ப இவ்வளவு நேரமும் உம்மா கிணத்துத் தண்ணி குடுத்தது மரக்காரருக்கா?" என்றாள். சிரித்துவிட்டு உள்ளே போனவள், திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

பின்நேரம் மீராலெப்பை வயல் தூசியோடு வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், நொந்த மனிதர். மாப்பிள்ளை வீட்டார் மருதமுனைக்காரர்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது, மாப்பிள்ளைக்கு இங்கே வரச் சம்மதம், ஆனால் மாப்பிள்ளையின் தாய்க்குக் கடலோர வீடு வேண்டாம். முறைக்கு ஒருதரம் இந்த வீட்டைப் பார்ப்பார்கள், ஆனால் ஊருக்குள் ஒரு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். அதற்கு இந்த வீடு விலைப்பட வேண்டும். தகரம் தொங்கி வருடக்கணக்காகிவிட்டது. கடலுக்குப் பயந்து ஒருவரும் கேட்கவில்லை. மரமாவது போகட்டும் என்று ரவூபிடம் சொன்னாராம்.

"ஆனா தம்பி, ஊடு அவள்ட. நான் வந்து குடியிருக்கிற ஆள். அவள் ஓம் எண்டாத்தான் ஓம்."

ஹாஜரா உம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடலடித்த அன்று அந்த ஒழுங்கை வீடுகளில் இருந்த சனம் முழுவதும் இந்த மாடியில்தான் ஏறி நின்றது என்றார். அவருடைய தங்கை மட்டும் பிள்ளையின் பாலுக்குத் திரும்பிப் போனவர் வரவில்லை. இன்னொன்றையும் நிஹாரா சொன்னாள். கடலோரத்தில் புது வீடு கட்ட இப்போது அனுமதியில்லை. நிற்கிற வீட்டைத் திருத்தலாம், அவ்வளவுதான். உடைத்துவிட்டால் இந்த வளவில் மறுபடி ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. தாய்க்கு மகளின் கலியாணமும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டில் ஒன்றை நாளைக்குள் சொல்லும்படி மீராலெப்பை கெஞ்சினார். நாளை காலையில்தான் மருதமுனையிலிருந்து உண்மையான ஆட்கள் வருகிறார்கள்.

நான் விடுதிக்கு வந்து ரவூபுக்குப் போன் செய்தேன். முதிரை என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. எப்படியாவது முடித்துவிட்டு வாருங்கள் என்றார். எனக்கும் ஆசை இல்லாமலில்லை. அப்படிப்பட்ட தூண்கள் என் கிடங்குக்கு வந்ததே இல்லை.

மறுநாள் காலையில், முடிவைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று போனேன். வாசலில் ஒரு வேன் நின்றது. மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வந்திருந்தார்கள். தாய் அதிகம் பேசவில்லை. மாமன்தான் சுவரில் வெடிப்பைத் தடவிக்கொண்டு, இது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மீராலெப்பை என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். இவர் நாகூர்க்காரர், வீடுகளைப் பற்றித் தெரிந்தவர், இவரைக் கேளுங்கள் என்றார். அந்த மனிதர் யோசித்துச் சொன்னாரா, வாய்தவறிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழைய வீடு, உப்புக்காற்று, எதற்கும் யோசித்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒரு வார்த்தை இழுத்திருந்தால் போதும். தூண்கள் நாகூருக்கு வந்திருக்கும். அப்படி இழுத்துப் பேசுவது எங்கள் தொழிலில் சாதாரணம். வாய்வரைக்கும் வந்தது. திரைக்குப் பின்னால் நிஹாராவின் வளையல் சத்தம் கேட்டது.

உள்ளதைச் சொன்னேன். வெடிப்பு பூச்சில்தான் இருக்கிறது, சுவரில் இல்லை. தூண் முதிரை, உள்ளே உளுப்பு இல்லை, நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருக்கிறேன். முன்வாசலுக்கு நேரே பின்வாசல் இருப்பதால் அன்றைக்கு வந்த தண்ணீர் ஒரு கதவைப் பிய்த்துக்கொண்டு நேராகப் போய்விட்டது, சுவரைத் தள்ளவில்லை. மாமன் விடவில்லை.

"அவ்வளவு நல்ல ஊடெண்டா நீங்க வாங்குவீங்களா?"

"வாங்கத்தான் வந்தேன், உடைத்து எடுத்துப் போக. உடைக்கவேண்டிய வீடு இல்லை இது."

சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது. ரவூப் முகம் நினைவுக்கு வந்தது. மீராலெப்பை தரையைப் பார்த்தார். மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய் எழுந்து, மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

ஹாஜரா உம்மா கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் ஆண்கள் கீழே தேத்தண்ணியை வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தோம். மேலே பலகையில் காலடிச் சத்தம் கடல் பக்கத்துக் கைப்பிடிவரை போய் நின்றது. பிறகு மாப்பிள்ளையின் தாயின் குரல் கேட்டது.

"அண்டைக்கு இதுலயா எல்லாரும் நிண்ட?"

"ஓம் ராத்தா. இதுலதான்."

"எங்கட ஊட்டுக்கு மாடி இல்ல."

அவ்வளவுதான் கேட்டது. அவர் வீட்டில் யார் யார் போனார்கள் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. எங்கள் ஊரிலும் நாங்கள் விசாரிப்பதில்லை. இரண்டு பெண்களும் கீழே இறங்கி வந்தபோது ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். படியிறங்கப் பிடித்ததா, வேறா என்று தெரியவில்லை. இறங்கிய பிறகும் விடவில்லை. மாப்பிள்ளையின் தாய் தன் தம்பியைப் பார்த்து, ஊருக்குள் வீடு கட்டுகிற கதையை விடச் சொன்னார்.

"மகன் இஞ்சயே வரட்டும். பேரப்புள்ளைகளுக்கு மாடி இரிக்கோணும்."

மீராலெப்பை அழுதுவிட்டார். மாமன் தன் பங்குக்கு, அப்படியென்றால் அந்தத் தகரத்தையாவது மாற்ற வேண்டும், விற்பனைக்கு என்று எழுதிய வாசலால் மாப்பிள்ளை எப்படி நுழைவது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து போய், என்னிடமிருந்த அளவு நாடாவை எடுத்துத் தனியாக நின்ற அந்தக் கதவை அளந்தேன். எதற்கு என்று நிஹாரா கேட்டாள். சும்மா, தொழில் பழக்கம் என்றேன்.

அடுத்த நாள் புறப்பட்டேன். கைக்கு மரம் வரவில்லை. ஒரு சட்டி எருமைத் தயிரைக் கட்டிக் கொடுத்தார்கள். அது மகியங்கனை தாண்டியதும் என் மடியிலேயே கவிழ்ந்தது. கொழும்பில் ரவூப் என் வேட்டியைப் பார்த்தார், வெறுங்கையைப் பார்த்தார். முதிரைத் தூண் எங்கே என்று கேட்டார். நின்றுகொண்டிருக்கிறது என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே பிரியாணி வாங்கி வந்தார்.

ஊருக்கு வந்ததும் கிடங்கின் பின்பக்கம் போனேன். அலைக்குப் பிறகு எங்கள் கடற்கரையிலிருந்தும் ஒற்றைக் கதவுகள் என்னிடம் வந்து சேர்ந்திருந்தன. சோடி போன கதவை யாரும் வாங்க மாட்டார்கள். விறகுக்குப் போடவும் எனக்கு மனம் வரவில்லை. அளவு நாடாவோடு ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்று அரை விரல்தான் உயரம் கூடுதல். தாமரைக்குப் பதில் அன்னம் செதுக்கியிருந்தது; கொடி மட்டும் அதே கொடி. என் மனைவி வந்து எட்டிப் பார்த்து, யாருக்கு என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். அவளே உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் துடைத்தாள். ரவூபின் சரக்கோடு அது கப்பலேறியது. அவர் கூலி கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு வாங்கக்கூடாது என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

கலியாணத்துக்குப் போக முடியவில்லை. முடிந்த மறுவாரம் ஹாஜரா உம்மா போன் செய்தார். கதவை ஆசாரி கொஞ்சம் சீவிப் பூட்டிவிட்டார், ஒரு பக்கம் தாமரை, ஒரு பக்கம் அன்னம், பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்ததாக நினைக்கிறார்கள் என்றார். மருமகன் அந்த வாசலால்தான் வந்தார் என்றார். கேட்டு எனக்கு ஏதோ செய்தது. பேச்சை மாற்றத்தான், அந்தத் தகரத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கோழிக்கூட்டுக்குப் போட்டிரிக்கம். எழுத்து வெளிய தெரியிது. இப்ப அதுதான் விக்கிறதுக்கு இரிக்கி தம்பி. நீங்க வந்து பாக்கணும்."

வீடு பார்க்கத்தானே, வருகிறேன் என்றேன். இந்தத் தடவை என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். பஸ்ஸில் யாராவது கேட்டால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.